அடைக்கலமேரியின் சுருதி

மில்லில் சேர்ந்த முதல் வாரமே அடைக்கலமேரி ஒன்றைக் கண்டுபிடித்தாள். நூல் நூற்கும் ரிங் பிரேம் கூடத்துக்குள் எவ்வளவு உரக்கப் பாடினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது.

அப்போது அவளுக்கு முப்பது வயது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளிய ஒரு கிராமம், அதில் மாதா கோயில் தெருவில் வீடு. கணவன் ஜோசப் ராஜ் ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் ஏற்றிப்போகும் லோடு வண்டியின் டிரைவர். வாரத்தில் நான்கு நாள் வெளியூரில்தான் இருப்பான். மகள் ஆஷ்லினுக்கு ஐந்து வயது. மூன்று வருடமாகக் கண்மாய் நிறையவில்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் யாரும் கூப்பிடவில்லை. நூற்பாலையின் வேன் ஊருக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிப்போக ஆரம்பித்தது அந்த வருடம்தான். அந்தத் தெருவிலிருந்து பதினொரு பெண்கள் ஏறினார்கள். அடைக்கலமேரியும் ஏறினாள்.

அவளை அந்த வட்டாரத்தில் குரலால்தான் தெரியும். எட்டு வயதில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தவள். குழுவை நடத்திய சூசைமரியான் வாத்தியார் அவள் குரலுக்கென்றே மாதா புலம்பல் ஒன்று எழுதி மெட்டும் போட்டிருந்தார். பெரிய வெள்ளிக்கிழமை மாலை, சிலுவையிலிருந்து இயேசுவின் சுரூபத்தை இறக்கி மாதாவின் மடியில் கிடத்தும்போது அதைப் பாட வேண்டும். அன்று கோயிலில் எந்த வாத்தியமும் ஒலிக்கக் கூடாது. அவள் தனியாக ஒவ்வொரு கண்ணியையும் பாடுவாள். கண்ணி முடியும்போது குழு சேர்ந்துகொண்டு ஒரே ஓர் அடியைத் திரும்பச் சொல்லும்.

‘பால் குடித்த மடியிலே பாரமாய்க் கிடப்பதென்ன?’

அதைக் கேட்கக் கீழச்சிவல்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். டீக்கடை வீரையா கடையை அடைத்துவிட்டு வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி வாசலோடு நின்று கேட்டுவிட்டுப் போவார்.

மில் கூடத்தில் இருபத்திரண்டு பிரேம்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூல் சுற்றும் கதிர்கள் ஆயிரத்துக்கு மேல் சுழன்றன. அறுந்த இழையைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டே ஒரு பக்கம் போய் மறுபக்கம் வர வேண்டும். எட்டு மணி நேரமும் அதுதான் வேலை. மற்றப் பெண்களுக்கு அந்த இரைச்சல் தலைவலியாக இருந்தது. அடைக்கலமேரிக்கு அது ஒரே சுருதியாகக் கேட்டது. ஏறாமல் இறங்காமல், யாரோ அவளுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பது போன்ற சுருதி. அதன்மேல் ஏறி நின்று அவள் பாடினாள். வீட்டில் மாமியார் இருந்தார், தெருவில் அக்கம்பக்கம் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் கூச்சப்படாமல் முழுக்குரலில் பாட ஓர் இடம் கிடைத்தது. அந்த வருடப் புலம்பலில் அவள் குரல் கோயிலின் மேற்கூரைவரை போனதாக எல்லோரும் சொன்னார்கள்.

இரண்டாம் வருடம் ஒருநாள் அவள் ஷிப்ட் சூப்பர்வைசர் தண்டாயுதபாணியின் கையைத் தட்டிக் கூப்பிட்டு, அவர் காதருகே கத்தினாள்.

“ஏழாம் நம்பர் மெஷினு வேற சுருதியில போகுது சார். என்னன்னு பாருங்க.”

அவர் சிரித்தார். ஆனாலும் நிறுத்திக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு பேரிங் தேய்ந்து, சூடேறிக் கருத்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் பஞ்சில் தீப்பிடித்திருக்கும். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை தண்டாயுதபாணி அவளைக் கூட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வருவார். அவள் ஒவ்வொரு பிரேமிடமும் நின்று கேட்டுச் சொல்லுவாள்.

மில் வந்தபின் ஊரின் நாளும் பொழுதும் மாறிப்போயின. ஷிப்டுக்கு ஒன்றாக ஒரே வீட்டில் மூன்று நேரம் உலை வைத்தார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கும்முன் மில்லில் வார விடுமுறை எந்தக் கிழமை என்று கேட்டார்கள். சூசைமரியான் வாத்தியார் கோயில் கதவில் பூசை நேரம் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் மில்லின் ஷிப்ட் அட்டவணையையும் ஒட்டிவைத்தார். அதைப் பார்த்துத்தான் பாட்டுப் பயிற்சிக்கு நேரம் சொல்ல முடிந்தது. பெண்கள் எல்லோருமே உரக்கப் பேசக் கற்றுக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு இறங்கவில்லை.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் பழைய பிரேம்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட்டார்கள். இன்னும் நீளம், இன்னும் வேகம். முதல்நாள் உள்ளே போனவுடன் அடைக்கலமேரி வாசலிலேயே நின்றுவிட்டாள். சுருதி ஏறியிருந்தது. அதோடு அதன் அடியில் பற்களைக் கூசவைக்கும் ஒரு கீச்சொலியும் இருந்தது. காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் அடைப்பான் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் பார்வையிட வரும் நாட்களில் அதை எல்லோரும் போட்டிருக்க வேண்டும். மற்ற நாட்களில் யாரும் கேட்கவில்லை. வேர்வையில் நழுவுகிறது என்று பெண்கள் எடுத்துவிட்டார்கள். அடைக்கலமேரி கழற்றியதற்குக் காரணம் வேறு. அடைத்துக்கொண்டால் தன் பாட்டு மண்டைக்குள் மட்டும் முழங்கியது. மெஷினின் சுருதியோடு சேரவில்லை. அந்தக் காரணத்தை நினைத்துப் பின்னாளில் அவள் தன்னைத்தானே அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

நான்கு வருடம் போயிற்று. ஒரு மாலை ஆஷ்லின் அடுப்படிக்குள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

“குக்கர் எட்டு விசில் அடிச்சிருச்சும்மா! பக்கத்துலதான நிக்குற?”

“கேட்டுச்சுடி. பருப்பு வேகலன்னு விட்டேன்.”

பருப்பு அடிப்பிடித்துக் கரிந்திருந்தது. மகள் அதைப் பார்த்தாள், தாயையும் பார்த்தாள்.

கேட்காமல் போனதுகூட அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்ததுதான் பயமாக இருந்தது. மில்லைவிட்டு வெளியே வந்தால் முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் இரைச்சல் அடங்கும். இப்போது அது வீடுவரை வந்தது. சாப்பிடும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும் ஓடியது. புதிய பிரேம்களின் அதே சுருதி, நிறுத்தும் பொத்தான் இல்லாமல்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலத்துப் பயிற்சியில் செல்வின்தான் கீபோர்டு வாசிப்பான். காரைக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிற இளைஞன். அந்த வருடம் அடைக்கலமேரி ஒன்றைக் கவனித்தாள். அவள் பாட ஆரம்பித்ததும் அவன் இடதுகை ஒரு பொத்தானுக்குப் போய் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு பாட்டுக்கும் அப்படியே. பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் அவள் வாத்தியாரிடம் போனாள்.

“உண்மையச் சொல்லுங்க சார். நான் சுருதி விட்டுப் பாடுறனா?”

சூசைமரியான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே ஏதோ சொன்னார்.

“என்னயப் பாத்துச் சொல்லுங்க சார். வாயப் பாத்தாத்தான் வெளங்குது.”

அவர் நிமிர்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“கொஞ்சம் ஏறுதும்மா. செல்வின் அதுக்குத் தக்கன மாத்தி வாசிச்சுக்கிறான்.”

“எத்தனை நாளா?”

“கிறிஸ்மஸ்லருந்து.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “நான் எதைப் பிடிச்சுப் பாடுறேன் தெரியுமா சார்? அந்தக் கீபோர்டோட சுருதிய இல்ல. என் காதுக்குள்ள மில்லு ஓடுது. அதைத்தான் பிடிக்கிறேன். வேற எதுவும் எனக்கு நிக்க மாட்டேங்குது.”

“இந்த வருசம் புலம்பலை வேற யாருக்காவது...”

“அது மட்டும் வேணாம் சார். அன்னிக்குத்தான் கீபோர்டே கெடையாதே. நான் எந்தச் சுருதியில எடுத்தா என்ன? எல்லாரும் என் பின்னாலதான வருவாக?”

அவரால் மறுக்க முடியவில்லை. அவரும் அந்தக் குரலுக்காகத்தான் வருடம் முழுக்கக் காத்திருப்பவர்.

பெரிய வெள்ளியன்று முதல் கண்ணி சரியாகவே போயிற்று. அவளோடு மில்லில் வேலை பார்க்கும் மலையம்மாள் வேறு சாமி கும்பிடுகிறவள். ஆனாலும் வருடம் தவறாமல் இதற்கு வந்துவிடுவாள். அன்றும் பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்றிருந்தாள். பிறகு நடந்ததையெல்லாம் அடைக்கலமேரிக்குச் சொன்னவள் அவள்தான்.

வழக்கம்போல் அடைக்கலமேரி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். இரண்டாவது கண்ணியில் குரல் ஏறியது. குழு எப்படியோ எட்டிப்பிடித்தது. மூன்றாவதில் இன்னும் ஏறியது. குழுவில் பாதிப்பேர் அவள் பின்னால் போகப் பார்த்துக் குரல் உடைந்தார்கள், பாதிப்பேர் பழைய இடத்திலேயே நின்றார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதி, கேட்கவே கூசியது. முன்வரிசையில் இரண்டு சிறுமிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பங்குச்சாமியார் தரையைப் பார்த்தார். வாத்தியார் கையைத் தாழ்த்தி நிறுத்தச் சொன்னார். கண்ணை மூடியிருந்தவளுக்கு அது தெரியவில்லை. அவள் நான்காவது கண்ணியை எடுத்தாள்.

நடுவில் அவள் கண்ணைத் திறந்தாள். குழுவில் எல்லோருடைய வாயும் மூடியிருந்தது. அவர்கள் பாடி முடித்துவிட்டார்களா, பாடவே இல்லையா, தன் வாயிலிருந்து இப்போது சத்தம் வருகிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாதா சுரூபத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு ஓர் அடிகூட நினைவுக்கு வரவில்லை. மலையம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் தோளைப் பிடித்து வெளியே நடத்திப் போனாள்.

காரைக்குடியில் காது டாக்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துச் சோதித்தார். தாளில் ஒரு கோடு இடமிருந்து போய், பாதியில் கிணற்றுக்குள் விழுவதுபோல் இறங்கியது. டாக்டர் சொன்னதை ஆஷ்லின் தாயின் முகத்துக்கு நேரே நின்று திரும்பச் சொன்னாள்.

“உள்ள இருக்க நரம்பு செத்துருச்சாம்மா. திரும்ப வராதாம். சத்தத்துல நின்னதாலதான். இனிமே மில்லுக்குப் போகவே கூடாதாம். காதுல மிஷின் வச்சா பேச்சு ஓரளவு புரியுமாம்.”

“பாட்டு?”

ஆஷ்லின் டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்த விதத்தைப் பார்த்தே அடைக்கலமேரி புரிந்துகொண்டாள்.

வேறு பிரிவுக்கு மாற்றித் தரும்படி கேட்க அந்தத் தாளோடு அவள் மில்லுக்குப் போனாள். தண்டாயுதபாணி அதை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குள் போய் வெகுநேரம் கழித்து வந்தார். அவளை வெளியே மரத்தடிக்கு அழைத்துப் போய் மெதுவாக, உதடு தெரியும்படி பேசினார்.

“காது கேக்காதவங்கள மெஷின் பக்கம் நிறுத்தக் கூடாதாம்மா. ஆபத்துங்கிறாங்க. பேக்கிங்குலயும் ஆள் நெறஞ்சிருக்கு.”

“இங்க நின்னுதான சார் காது போச்சு?”

“அதை எப்படிம்மா நிரூபிப்ப? வயசானா எல்லாருக்கும் வர்றதுதானேங்கிறாங்க.”

“எனக்கு நாப்பத்திரண்டு வயசு சார்.”

அவர், “பேரிங் போறத காதாலயே கண்டுபிடிச்சவ நீ” என்று மட்டும் சொன்னார். அந்தத் தாளை அவர் திருப்பித் தரவுமில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டில் இருந்த மாதங்கள் மில்லைவிடக் கொடுமையாக இருந்தன. வீடு அமைதியாக ஆக, காதுக்குள் ஓடுவது பெரிதாயிற்று. பகலில் டிவியையும் மின்விசிறியையும் ஒன்றாகப் போட்டுவைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். காதுக் கருவி வந்தது. அதைப் போட்டால் தட்டு விழும் சத்தம் ஆணி அடித்ததுபோல் இறங்கியது. ஆட்களின் குரல் தகரக் குழாய்க்குள்ளிருந்து வந்தது. ஜோசப் ராஜ் மெதுவாகப் பேசும் மனிதன். இப்போது அவளிடம் எதைச் சொல்லவும் கத்த வேண்டியிருந்தது. “சாப்பிட்டியா?” என்று கேட்பதுகூடத் தெருவுக்குச் சண்டையாகக் கேட்டது. கொஞ்ச நாளில் அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

ஒருநாள் உச்சிவேளையில் யாருமில்லாத கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கருவியை மாட்டினாள். ஒரே ஒருமுறை சரியாக வந்துவிட்டால் போதும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு புலம்பலை எடுத்தாள். எங்கேயாவது பிடிமானம் கிடைக்காதா என்று குரலை மேலே கொண்டுபோனாள், கீழே இறக்கினாள், மறுபடி மேலே கொண்டுபோனாள். கதவு படாரென்று திறந்தது. சாமியார் வீட்டுச் சமையல்காரி கரண்டியும் கையுமாக ஓடிவந்து நின்றாள். பயத்தில் அவள் கண் விரிந்திருந்தது.

“யாருக்கு என்னாச்சு? யாரு இப்படி அலர்றது?”

அவள் உதட்டைப் படித்ததும் அடைக்கலமேரி கருவியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்து ஒரு வரி பாடியதாக யாரும் சொல்லவில்லை.

அடுத்த தபசு காலத்தில் செல்வின் வீட்டுக்கு வந்தான். ஆஷ்லின் அப்போது நர்சிங் கல்லூரியில் முதல் வருடம், விடுமுறைக்கு வந்திருந்தாள். அவன் சொல்ல வந்ததை ஒரு நோட்டில் எழுதிக் காட்டினான். எட்டு ஒன்பது வருடங்களுக்கு முந்தைய பெரிய வெள்ளியன்று அடைக்கலமேரி பாடியதை அவன் போனில் பதிந்துவைத்திருந்தான். இருமல், பிள்ளை அழுகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்திருக்கிறான். இந்த வருடம் அதை ஒலிபெருக்கியில் போடலாமா? சனங்கள் கேட்கிறார்கள். வாத்தியாரும் சம்மதித்துவிட்டார்.

அவள் நோட்டை மூடி அவனிடம் நீட்டினாள். பிறகு, “போட்டுக்கங்க தம்பி” என்றாள்.

அன்று மாலை அவள் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்தாள். சுரூபத்தை இறக்கினார்கள். குழு அதன் இடத்தில் நின்றது, ஆனால் பாடவில்லை. அவர்கள் குரலும் பதிவிலேயே இருந்தது. பாட்டு தொடங்கிவிட்டது என்பதை முன்னால் இருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டதிலிருந்து தெரிந்துகொண்டாள். எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்தவள் அழுதாள். அதற்குப் பக்கத்திலிருந்தவளும் அழுதாள். தன் குரலுக்கு அழுகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அவள் உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உதடுகள் அசைந்தன. “என்னா குரலு, என்னா குரலு.”

வீட்டுக்குப் போகும் வழியில் தெருவிளக்கின் கீழ் அவள் மகளை நிறுத்தினாள்.

“எப்படி இருந்துச்சு? நெசமாச் சொல்லு.”

“நல்லாத்தாம்மா இருந்துச்சு.”

“நெசமாடி.”

“மூணாவது கண்ணியில ‘மகனே’ன்னு சொல்றப்ப நீ ஒரு இழுப்பு இழுப்பேல்ல? கீழ வழுக்கிப் போயி, வராதோன்னு நெனைக்கிறப்ப மேல வருவே. நான் சின்னப்பிள்ளையில அந்த எடத்துக்குத்தான் அழுவேன். அது இல்லம்மா. அதை நேராக்கிட்டாங்க. சுருதி தப்புன்னு நெனச்சு அந்தக் கம்ப்யூட்டரே சரிபண்ணிருக்கும் போல.”

மறுநாள் அடைக்கலமேரி பஸ் ஏறிக் காரைக்குடியில் செல்வின் கடைக்குப் போனாள். திருத்தாத பழைய பதிவு வேண்டும் என்றாள். தனக்குக் கேட்காவிட்டாலும் மகள் கேட்பாள், மகள் பெறும் பிள்ளைகள் கேட்பார்கள். செல்வின் தலையைச் சொறிந்தான். அந்தப் போனே இப்போது இல்லை. அதில் இருந்ததைத்தான் சுத்தம் செய்து அதன் மேலேயே சேமித்திருந்தான். இப்போது இருப்பது இது ஒன்றுதான்.

“அதுவும் இதுவும் ஒண்ணுதான்க்கா. இதுதான் இன்னும் நல்லாயிருக்கு.”

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. கடை வாசலில் நின்று ஒரு கையால் ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தான் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஈஸ்டர் கழிந்த வாரம் மலையம்மாள் வந்தாள். அவள் பழைய மில்லை விட்டுவிட்டு, சிங்கம்புணரிப் பக்கம் புதிதாக வந்திருக்கிற நூற்பாலையில் சேர்ந்திருந்தாள். அங்கே ஆள் எடுக்கிறார்கள். அடைக்கலமேரி அன்றே கிளம்பத் தயாரானாள். ஆஷ்லின் வாசலை மறித்தாள்.

“மிச்சமிருக்கதும் போயிரும்மா. டாக்டர் அத்தனை சொன்னாரே!”

“போகட்டும். மிச்சத்த வச்சு நான் என்னடி செய்யப் போறேன்?”

“வீட்டுல இருந்தா என்ன? அப்பாதான் வேலைக்குப் போறாருல்ல?”

“வீட்டுல இருந்தா இது நிக்காம ஓடுது. அந்தச் சத்தத்துக்குள்ள போய் நின்னாத்தான் இது அடங்குது. உனக்குப் புரியாது. விடு.”

ஆஷ்லின் அழுதுகொண்டே வழிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் தாயிடம் பேசவில்லை.

புதிய மில்லில் ஆள் எடுத்தவர் விண்ணப்பத் தாளைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். அவர் உதடு தெரியவில்லை. முன்பே பேசிவைத்திருந்தபடி பக்கத்தில் நின்ற மலையம்மாள் முழங்கையால் இடித்ததும் அவள் “ஆமா சார்” என்றாள். அடுத்த இடிக்கு, “பன்னெண்டு வருசம் சார்” என்றாள். அவளை ரிங் பிரேமுக்கே எடுத்துக்கொண்டார்கள்.

முதல்நாள் வேனில் இருபது பெண்கள் இருந்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒருத்தி அவளை உற்றுப்பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து, முழங்காலைத் தொட்டு ஏதோ கேட்டாள். வேனின் ஆட்டத்தில் அவள் உதடு சரியாகப் பிடிபடவில்லை. அடைக்கலமேரி முன்னால் குனிந்தாள். அவள் மறுபடி கேட்டாள்.

“பெரிய வெள்ளிக்குப் புலம்பல் பாடுவாகளே, அது நீங்கதான?”

“இல்லம்மா” என்றாள் அடைக்கலமேரி. “அது வேற ஆளு.”

மலையம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேன் மில் வாசலுக்குள் திரும்பியது.